பம்மல் தோல் கம்பெனி முதல் மார்பகப் புற்றுநோய் வரை: கொலாஜன் முடிச்சை அவிழ்த்த ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோல் கம்பெனி வாடை புதுசு கிடையாது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியில் இருந்து வந்ததுதான். பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். அதையே குரோமியம் உப்பில் ஊறவைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும் செருப்பாகவும் பையாகவும் மாறுகிறது.

அந்தத் தோலில் இருக்கும் முக்கியமான பொருளின் பெயர் கொலாஜன். தோலில் மட்டும் இல்லை. எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், ரத்தக்குழாய் என உடம்பு முழுக்க இருக்கும் நார்ப் புரதம் இது. மார்பகத்தில் ஒரு கட்டி கல்லு மாதிரி கையில் தட்டுப்படுகிறது என்றால், அந்தக் கடினத்துக்குப் பெரிய காரணமும் இதே கொலாஜன்தான்.

இந்தக் கொலாஜன் உள்ளே எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதை உலகத்துக்கு முதலில் சரியாகக் காட்டியவர், பம்மலில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கிண்டியில் வேலை பார்த்த ஒரு இயற்பியல் பேராசிரியர். பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு அவர் பெயரில் உள்ள படம் பாடத்திலேயே வரும். ஆனால் சென்னைக்காரர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

யார் இந்த ஜி.என்.ஆர்?

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஜி' கோபாலசமுத்திரத்தைக் குறிக்கிறது. அப்பா நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்ததால் பையனுக்குச் சின்ன வயசிலேயே கணக்கு கைவந்துவிட்டது.

பட்டப்படிப்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில், இயற்பியல் ஹானர்ஸ். மெட்ராஸ் மாகாணத்திலேயே முதலிடம். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியல் துறையில்! ஆனால் அங்கே சர் சி.வி.ராமன் இருந்தார். ராமச்சந்திரனின் மனசு சீக்கிரமே இயற்பியல் பக்கம் சாய்ந்தது. இந்தப் பையனின் அறிவுக்கு மின் பொறியியல் துறை போதாது என்று சொல்லி ராமனே தன் துறைக்கு இழுத்துக்கொண்டார் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது.

ராமனிடம் படிகங்களையும் ஒளியையும் ஆராய்ந்து டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். 1947-ல் கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இரண்டே வருஷத்தில் அங்கே பிஎச்.டி. முடித்தார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது கேட்ட லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகள், பெரிய மூலக்கூறுகள் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பின. 1949-ல் பெங்களூர் திரும்பினார்.

30 வயதைத் தொடும்போது துறைத் தலைவர்

அப்போது மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர். கிண்டி வளாகத்தில் புதிதாக இயற்பியல் துறை தொடங்க நினைத்து, முதலில் ராமனைத்தான் கூப்பிட்டார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். அப்படி 1952-ல் ராமச்சந்திரன் சென்னைக்குப் பேராசிரியராக, துறைத் தலைவராக வந்தார். வந்த கையோடு எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கினார்.

ஆய்வுக்கூடம் தயார். எதை ஆராய்வது? அந்த நேரத்தில் சென்னைக்கு வந்தார் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். 1951-ல் பாலிங்கே ஒரு அமைப்பை முன்வைத்திருந்தார், அது சரிவரவில்லை. ராமச்சந்திரன் அந்தச் சவாலைப் பிடித்துக்கொண்டார்.

இதில் சென்னைக்கு ஒரு வசதி இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நம்ம ஊரில் எல்லோரும் சொல்லும் சிஎல்ஆர்ஐ, பக்கத்திலேயே அடையாறில் இருந்தது. தோல் தொழிலுக்காகவே கொலாஜனைக் கரைத்துக் குடித்தவர்கள் அங்கே இருந்தார்கள். பம்மல் மாதிரி ஊர்களின் தோல் தொழில் இல்லையென்றால் சிஎல்ஆர்ஐ சென்னைக்கு வந்திருக்குமா என்பதே கேள்வி.

கங்காரு வால் சொன்ன ரகசியம்

முதலில் கிடைத்தது சுறாத் துடுப்பில் இருந்து எடுத்த கொலாஜன். எக்ஸ்-கதிர் படம் தெளிவாக வரவில்லை. கங்காருவின் வால் தசைநாணில் நார்கள் ரொம்ப ஒழுங்காக அடுக்கியிருக்கும் என்று தெரிந்து, ஆஸ்திரேலியாவில் இருந்து அதை வரவழைத்தார். அதில்தான் தெளிவான படம் விழுந்தது.

கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலம் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ராமச்சந்திரனும் அவருடன் வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும் அதில்தான் துப்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தால்? மூன்று இழைகள் ஒன்றையொன்று நெருங்கி முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் இடம் ரொம்பக் குறுகலாக இருக்கும். அந்த இடுக்கில் கிளைசின் மட்டும்தான் நுழைய முடியும்.

கிணற்றுக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால்தான் குடம் தண்ணீரைத் தாங்கும். கொலாஜனும் அப்படிப்பட்ட முப்புரிக் கயிறுதான். 1954 ஆகஸ்ட்டில் 'நேச்சர்' இதழில் இந்த மாதிரி வெளியானது. அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி மேலும் முறுக்கியிருக்கின்றன என்று காட்டினார்கள்.

அதே 1954-ல், ஜூன் மாதம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. சில வார இடைவெளியில், ஒரே ஊரின் ஒரே பகுதியில் நடந்த இரண்டு சம்பவங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கிரிக்கோடு நடந்த மோதல்

டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்த ஃபிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து 1955-ல் கொலாஜனுக்கு இன்னொரு மாதிரியை முன்வைத்தார். மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை அதேதான். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் தேவைக்கு அதிகமாக ஒட்டி நிற்கின்றன, இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையும் சரியில்லை என்பது அவர்கள் வாதம். பிணைப்பு எண்ணிக்கையில் பிற்காலத்தில் ஜெயித்தது கிரிக் பக்கம்தான். முப்புரி முறுக்கை முதலில் சொன்னவர் ராமச்சந்திரன் என்பதும் நிலைத்தது.

விமர்சனம் வந்ததும் ராமச்சந்திரன் சும்மா உட்காரவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆராய்ச்சியாக்கினார். வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளில் இருந்து தூரங்களைத் திரட்டினார். ஒரு புரத இழை எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கவே முடியாது என்று வரைபடம் போட்டார்கள். 1963-ல் வெளியான அதுதான் 'ராமச்சந்திரன் படம்'. இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வுக்கூடம் புதுப் புரத அமைப்பை வெளியிட்டாலும், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்தப் படத்தில்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். தோற்ற வாதத்தில் இருந்து கிடைத்தது, ஜெயித்த கண்டுபிடிப்பை விடப் பெரியதாகிவிட்டது.

சரி, இதுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

ராமச்சந்திரன் புற்றுநோய் ஆராய்ச்சி செய்தவர் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் அவிழ்த்த முடிச்சு, பிற்காலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியின் மையத்துக்கே வந்தது.

நம் செல்கள் காற்றில் மிதப்பதில்லை. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், லேமினின், ஹையலுரோனான் போன்ற மூலக்கூறுகளால் ஆன ஒரு பின்னலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பின்னலைத்தான் 'மேட்ரிக்ஸ்' என்கிறார்கள். மார்பகத்தில் பால் குழாய்களைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் இருப்பது இன்னொரு வகைக் கொலாஜன். புற்றுநோய் அந்தச் சவ்வுக்கு உள்ளே அடங்கியிருக்கும் வரை ஆரம்ப நிலை. சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பரவும் ஆபத்து தொடங்குகிறது.

இந்தச் சிந்தனைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1889-ல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் விவரங்களைப் பார்த்தார். நோய் கண்டபடி பரவவில்லை, சில உறுப்புகளைத் தேடிப் போகிறது என்று கவனித்தார். விதை எங்கும் விழலாம், தோதான மண் கிடைத்தால்தான் முளைக்கும் என்பது அவர் விளக்கம். ஆனால் அடுத்து வந்த நூறு வருஷம் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் விதையைத்தான் பார்த்தார்கள். மண்ணை மறுபடி மேஜைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மினா பிஸ்ஸல். 1997-ல் அவர் குழு ஒன்றைக் காட்டியது. மேட்ரிக்ஸைத் தொட்டு உணரும் 'இன்டெக்ரின்' என்ற கைகளில் ஒன்றைத் தடுத்தபோது, மார்பகப் புற்றுநோய் செல்கள் ஆய்வுக்கூடத் தட்டில் இயல்பான செல்கள் மாதிரி அடங்கி ஒழுங்கானார்கள் என்று சொல்லும் அளவுக்கு மாறின. மரபணுக் கோளாறு அப்படியே இருக்க, நடத்தை மட்டும் மாறியது!

தோல் தொட்டியில் நடப்பது கட்டியிலும் நடக்கிறது

தோல் பதனிடுவது என்றால் என்ன? குரோமியம் உள்ளே போய், பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பாலம் போடுகிறது. சாதாரணத் தோல் 60 டிகிரியைத் தாண்டிய சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோமில் பதனிட்ட தோல் கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும்.

உடம்பிலும் குறுக்குப் பாலம் போட ஒரு என்சைம் இருக்கிறது. லைசில் ஆக்சிடேஸ், சுருக்கமாக 'லாக்ஸ்'. எலும்பும் ரத்தக்குழாயும் உறுதியாக இருக்க இது தேவை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் இதே வேலை அளவு மீறி நடக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள நார் செல்கள் கொலாஜனைக் கொட்டிக் குவிக்கின்றன. லாக்ஸ் அவற்றை இறுக்கிக் கட்டுகிறது. திசு விறைக்கிறது. வேதியியல் வேறு, ஆனால் பம்மல் தொட்டியில் தோலுக்கு நடப்பதற்கு இது ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை.

விறைத்தால் என்ன? செல்லுக்கு அது தெரியும். இன்டெக்ரின் கைகள் வழியாக அந்த இழுவிசை உள்ளே போய், வளர், நகர் என்ற சமிக்ஞைகளைக் கூட்டிவிடுகிறது. 2009-ல் கலிஃபோர்னியாவில் வலேரி வீவர் குழு எலிகளில் லாக்ஸைத் தடுத்துப் பார்த்தது. கொலாஜன் இறுக்கம் குறைந்தது, மார்பகக் கட்டி முற்றுவதும் தாமதமானது. கடினம் என்பது நோயின் விளைவு மட்டும் இல்லை, நோயைத் தள்ளிவிடும் கையும் அதுவே என்று அந்த ஆய்வு காட்டியது.

இன்னொரு விஷயம், நார்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாட்ரீஷியா கீலியின் குழு இதைப் பார்த்தது. ஆரம்பத்தில் நார்கள் கட்டியைச் சுற்றி வேலி மாதிரி வளைந்து நிற்கின்றன. போகப்போக நிமிர்ந்து, கட்டியில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. புற்றுநோய் செல்கள் அந்த நார்களைப் பிடித்துக்கொண்டே, தண்டவாளத்தில் போவது மாதிரி வெளியேறுகின்றன. நார்கள் இப்படி நிமிர்ந்து நின்ற பெண்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது என்று 2011-ல் அந்தக் குழு தெரிவித்தது.

முப்புரிக் கயிற்றை வெட்டும் கத்திரி

ராமச்சந்திரன் மாதிரி இங்கேதான் நேரடியாகக் கைகொடுக்கிறது. மூன்று இழைகளும் இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் சாதாரணச் செரிமான என்சைம்களால் கொலாஜனைக் கடிக்க முடியாது. 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் இருவரும் தலைப்பிரட்டையின் வாலில் ஒரு தனிக் கத்திரியைக் கண்டுபிடித்தார்கள். தவளையாகும்போது வால் கரைய வேண்டுமே, அதற்கான என்சைம். அது கொலாஜனைச் சரியாக முக்கால், கால் என்ற கணக்கில் ஒரே இடத்தில் வெட்டும்.

இந்தக் கத்திரிக் குடும்பத்தின் உறவுகள் மனித உடம்பிலும் உண்டு. புண் ஆற அவை தேவை. புற்றுநோய் அவற்றைத் தன் வழியை வெட்டிக்கொள்ளப் பயன்படுத்துகிறது.

அப்படின்னா கத்திரியைத் தடுத்துவிடலாமே? அதைத்தான் மருந்துக் கம்பெனிகளும் நினைத்தன. 1990-களில் பெரிய எதிர்பார்ப்போடு சோதனைகள் நடந்தன, பலன் கிடைக்கவில்லை. நோயாளிகளுக்கு மூட்டு வலி வந்ததுதான் மிச்சம். லாக்ஸ் குடும்பத்தில் ஒன்றைக் குறிவைத்த மருந்தும் கணையம், பெருங்குடல் புற்றுநோய்களில் கைகொடுக்கவில்லை. காரணம், மேட்ரிக்ஸ் இரண்டு பக்கமும் விளையாடுகிறது. அதே கொலாஜன் சில இடத்தில் கட்டியை அடைத்து வைக்கும் வேலியாகவும் இருக்கிறது. வேலியைப் பிடுங்கினால் மாடு வெளியே போய்விடும். எலிகளில் கணையப் புற்றுநோயில் கொலாஜனைக் குறைத்தபோது நோய் வேகமெடுத்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது

மேமோகிராம் ரிப்போர்ட்டில் மார்பகம் அடர்த்தியானது என்று எழுதியிருக்கலாம். கொழுப்பு குறைவு, சுரப்பியும் நார்த் திசுவும் அதிகம் என்று அர்த்தம். கையால் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு, அடர்த்தியே இல்லாதவர்களை விடப் புற்றுநோய் வாய்ப்பு 4 மடங்கு அல்லது அதற்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதோடு, படத்தில் அடர்த்தியான திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கட்டி மறைந்துபோகலாம். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் இந்த அடர்த்தி விவரத்தைப் பெண்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால், அல்ட்ராசவுண்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டி தட்டுப்பட்டால் அது புற்றுநோய்தான் என்று இல்லை, ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது.

கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் மார்பகத்தில் போய்ச் சேருமா என்று பயப்பட வேண்டாம். அது வயிற்றிலும் குடலிலும் சின்னத் துண்டுகளாக உடைந்துவிடும்.

கடைசிக் காலம்

1960-ல் சிஎல்ஆர்ஐ கொலாஜனுக்கென்றே ஒரு கருத்தரங்கம் நடத்தியது. 1963-லும் 1967-லும் ராமச்சந்திரன் நடத்திய மாநாடுகளுக்கு உலக விஞ்ஞானிகள் சென்னைக்கு வந்தார்கள். புரத ஆராய்ச்சி என்றால் மெட்ராஸ் என்று பேர் வாங்கிய காலம் அது. 27 வருஷம் துணைவேந்தராக இருந்த லட்சுமணசாமி முதலியார் 1969-ல் விலகினார். அடுத்த வருஷமே ராமச்சந்திரனும் பல்கலைக்கழகத்தை விட்டார். சென்னைக்கு அது இழப்பு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1971-ல் அவர் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது.

அதே 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களில் இருந்து உள்ளே இருப்பதை வேகமாகக் கணக்கிட்டு வரையும் முறை அது. சி.டி. ஸ்கேன் கருவிகளில் அந்த வகைக் கணக்குமுறை நீண்ட காலம் பயன்பட்டது. புற்றுநோய் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் அவர் கணக்கின் சாயல் உண்டு. சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் வாங்கியவர்கள் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும்.

ராமச்சந்திரனுக்கு 1961-ல் பட்நாகர் பரிசு, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி கிடைத்தன. பிற்காலத்தில் தர்க்கத்திலும் இந்தியத் தத்துவத்திலும் மூழ்கி, சமணத்தின் சியாத்வாதத்தைக் கணித வடிவில் எழுதப் பார்த்தார். நடுக்குவாதம் உடம்பை முடக்கியது. 1945 முதல் கூடவே இருந்த மனைவி ராஜலட்சுமி 1998-ல் இறந்தார். அடுத்த வருஷம் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் 78 வயதில் காலமானார்.